வலது கால் இன்னும் பீடோரில்

ஆகஸ்ட் 1, வெள்ளி

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கணும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. விளக்கைப் போட்டால் குழந்தை யாழினி எழுந்துவிடுவாள். அதனால் குளியலறை விளக்கு, பாதி திறந்த கதவு, கவிழ்த்துப் போட்ட துணிக் கூடை, அதன்மேல் நான். காலைக் கழற்றிப் பக்கத்தில் சாத்தி வைத்தாயிற்று.

பீடோரில் லோரி கிளம்பும்போது நல்ல வெயில். கம்பார் தாண்டியதும் கொட்டு கொட்டென்று மழை. மெத்தை நனைந்தது. கணவர் முகிலன் அதை விசிறிக்கு நேராக நிறுத்தி வைத்திருக்கிறார். இன்று எல்லோரும் பாயில்.

ஆக, ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்குக்குக் குடி வந்தாயிற்று.

இப்படி எழுதக்கூடாது. முகிலனின் அம்மா, என் அத்தை, பார்த்தால் சண்டை. இது ஆடி. ஆடியில் யாரும் குடி போவதில்லை. ஆவணி பிறந்து, புது வீட்டு அடுப்பில் பால் காய்ச்சி, அது பொங்கினால்தான் குடி போனதாக அர்த்தம். ஆனால் வீட்டுக்காரச் சீனர், எங்கள் டவுக்கே, ஒரே பேச்சு: "முதல் தேதி வரணும்லா. வரலேன்னா வேற ஆளு இருக்கு." கீழ்மாடி வீடு. எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக். இந்த மாதிரி அடுக்குமாடியில் கீழ்மாடி காலியாவது, தீபாவளிக்குக் கேட்ட லீவு கேட்ட உடனே கிடைப்பது மாதிரி. முகிலனுக்கு இங்கேதான் தொழிற்சாலை. எனக்கும் ஈப்போ டவுனில்தான் டியூசன் வேலை. விட முடியாது.

அத்தையின் தீர்ப்பு: சாமான் போகலாம். ஆள் போய்ப் படுத்துக்கொள்ளலாம். குடி மட்டும் போகக்கூடாது.

அதற்காகப் பீடோரில் எங்கள் பழைய லயத்து வரிசை வீட்டில் விட்டு வந்தவை:
சாமி படங்கள்.
விளக்கு. (பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா தினம் ஏற்றுவார்.)
துடைப்பம்.
உப்பு ஜாடி.
அரிசி டின். அரிசி வந்துவிட்டது. டின் மட்டும் அங்கே.
என் பழைய கால்.

கடைசிச் சாமான், லோரி ஓரத்தில் நடந்த பேச்சுவார்த்தையின் முடிவு.

"அத எதுக்குடி ஏத்துறே? அங்கயே நிக்கட்டும்."

"அத்தே, அது என் காலு."

"அதத்தான் சொல்றேன். புது வீட்டுக்கு வலது கால எடுத்து வெச்சுத்தானே போவணும்? வலது காலு இங்கயே நிக்கிறப்ப நீ எப்படிக் குடி போயிருப்பே?"

"அப்ப நான் மாட்டியிருக்கறது என்ன?"

"அது இப்பத்தானே வந்துச்சு. அது இன்னும் இந்த வீட்டுக் காலு இல்ல."

டிப்ளோமா வாங்கியவள் நான். பழைய காலை லோரியிலிருந்து இறக்கினேன்.

முகிலன் பழைய காலைத் தூக்கிப்போய் முன்னறைச் சுவரோரம், சப்பாத்தோடு, நேராக நிறுத்திவிட்டு வந்தார். "காவலுக்கு ஆளு போட்டாச்சு." அப்போது சிரித்தேன். இப்போது இந்தக் கூடைமேல் உட்கார்ந்து யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெயில். மெத்தை காய்ந்துவிட்டது. வாடை போகவில்லை.

செய்ய வேண்டியவை: சன்னல் துணி. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. யாழினிக்கு ஆயா (எதிர் புளோக்கில் ஒரு அக்கா இருக்கிறாராம்). வெல்பேர் ஆபீசுக்குச் சொல்வது!!!

இந்த மூன்று ஆச்சரியக்குறியும் போன வாரத்துப் பட்டியலிலும் இருந்தன.

எனக்கு வருகிற ஓகேயு உதவி, வேலை செய்கிற ஊனமுற்றவர்களுக்கான உதவி. அனுமதிக் கடிதத்தின் கடைசிப் பத்தி எனக்குப் பாராமல் வரும்: முகவரி மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும், தவறினால் உதவி நிறுத்தப்படலாம். நாங்கள் முகவரி மட்டுமா மாற்றினோம், மாவட்டத்தையே மாற்றிவிட்டோம். பைல் பழைய மாவட்டத்து ஆபீசிலிருந்து ஈப்போ ஆபீசுக்கு வரவேண்டும். உதவி நின்றால் ஆயாவுக்குக் கொடுக்க முடியாது. ஆயா இல்லாவிட்டால் டியூசனுக்குப் போக முடியாது. டியூசனுக்குப் போகாவிட்டால் நான் வேலை செய்கிற ஊனமுற்றவள் இல்லை, வெறும் ஊனமுற்றவள். அப்புறம் உதவியைக் கேட்கவே முடியாது. இந்தச் சக்கரத்தில் நேற்றெல்லாம் சுற்றினேன். தூக்கமில்லை.

காலையில் பசியாறும்போது சொல்லிப் பார்த்தேன். "அத்தே, நாளைக்கு வெல்பேருக்குப் போன் போட்டு அட்ரஸ் மாத்திடுறேன்."

அத்தை ரொட்டியைக் கீழே வைத்தார். "ஆவணி பொறக்கட்டும்."

"லேட்டாயிரும்."

"நாம வாயால சொன்னா அது பேச்சு. கவர்மெண்டு எழுதிட்டா அது எழுத்து. ஆடியில குடி போனான்னு கவர்மெண்டே எழுதி வெச்சிட்டா, அப்பறம் எந்தக் கோயில்ல போயி அழிக்கிறது?"

முகிலன் கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தீவிரமாகத் தேடினார். அவரிடமிருந்து எந்த உதவியும் இல்லை.

பால் விவகாரம் தனி. புது அடுப்பில் ஆவணிவரை பால் ஏறக்கூடாது. கோப்பிக்கு டின் பால் ஊற்றலாம். ("டின்னுப் பாலு பாலில்ல, இனிப்பு.") யாழினிக்கு ராத்திரிப் பால் வெதுவெதுப்பாக வேண்டும். பால் பெட்டியைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் நிறுத்தி வைத்தேன். அத்தை வந்து நின்று பார்த்தார். குற்றம் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"பரவால்ல. இது காச்சுனது இல்ல. குளிப்பாட்டுனது."

யாழினி குளித்த பாலைக் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை வரும்போல் இருந்து வரவில்லை. டியூசனில் இரண்டாம் படிவத்துப் பிள்ளைகளுக்குப் பின்னம் புரியவில்லை. எனக்கும் இன்று எதுவும் புரியவில்லை.

இடைவேளையில் பார்வதி அக்கா போன். அவர் தொடங்கிய விதம்: "லோகேசு, கவலப்படாத. நான் சமாளிச்சிட்டேன்."

இப்படி ஒருவர் தொடங்கினால் கவலைப்படாமல் வேறென்ன செய்வது.

"என்ன சமாளிச்சீங்க, அக்கா?"

"வெல்பேர்லேர்ந்து ஒரு மலாய்க்காரம்மா. பைலு, பேனாவோட வெள்ளக் காடியில வந்து எறங்குச்சு. வருசா வருசம் வந்து பாக்குறதாம். லோகேஸ்வரி எங்கேன்னு கேட்டுச்சு. ஒங்க அத்த சொல்லிட்டுப் போன மாதிரியே சொன்னேன். பிண்டாவெல்லாம் இல்ல, குடி மாறல, இங்கதான் இருக்காங்கன்னேன்."

"ஐயோ, அக்கா."

"கேளுலா. அது சன்னல் வழியா எட்டிப் பாத்துச்சு. வீட்டுல ஒண்ணுமே இல்லியேன்னுச்சு. ஏன் இல்ல, ஆடிச் செவ்வான்னு காலையிலயே வெளக்கு ஏத்தியிருக்கேன் பாருங்க, தொடப்பம் இருக்கு பாருங்கன்னேன். கட்டிலு எங்கேன்னுச்சு. காயப்போட எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னேன்."

"கட்டிலையா?"

"மழ பேஞ்சுதுல்ல? அப்பறம் அதுக்குக் காலு கண்ணுல பட்டிருச்சு. 'அலாமாக்'னு ரெண்டடி பின்னால போயிருச்சு, பாவம். நான் வுடல. பாருங்க புவான், காலே இங்கதான் நிக்குது, கால வுட்டுட்டு அந்தப் புள்ள எங்க போயிரும்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. கைப்பேசியில படம் புடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. வெளக்கு, தொடப்பம், காலு, எல்லாம் பளிச்சுன்னு வுழுந்திருக்கும். நீ கவலப்படாத."

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தைக்குப் பார்வதி அக்காமேல் பெருமை. "அவ கெட்டிக்காரி. நானே அவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன்."

நாளை நானே போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுவேன். அத்தை கேட்டால் கேட்கட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

முந்திக்கொண்டார்கள்.

யாழினியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தலை முழுக்கச் சோப்பு. என் கைப்பேசி கூடத்தில் அடித்தது. அத்தை எடுத்தார். அத்தையின் மலாய், தோட்டத்தில் கற்ற மலாய். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகச் சுத்தியலால் அடித்ததுபோல் விழும். கதவுக்குப் பின்னாலிருந்து நான் கேட்டது:

"ஹலோ. லோகேஸ்வரி மண்டி." லோகேஸ்வரி குளிக்கிறாள்.

அமைதி.

"பெலும் பிண்டா. பாராங் சாஜா பிண்டா. ஓராங் பெலும்." இன்னும் குடி போகவில்லை. சாமான் மட்டும்தான் போயிற்று. ஆள் இன்னும் போகவில்லை.

அமைதி.

"ஓராங்? ஓராங் சினி." ஆளா? ஆள் இங்கேதான்.

அமைதி.

"சினி... ஜெலாப்பாங்." இங்கே என்றால், ஜெலாப்பாங்.

மிக நீண்ட அமைதி.

"தாப்பி பெலும்." ஆனாலும் இன்னும் இல்லை.

சோப்புக் கையோடு, ஒற்றைக் காலில், சுவரைப் பிடித்துக்கொண்டு நான் கூடத்துக்கு வருவதற்குள் அத்தை வைத்துவிட்டார். "நல்லாத்தான் பேசுச்சு. நன்றின்னு சொல்லுச்சு."

கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. பீடோரில் படம் பிடித்துப்போன அதே அம்மா, புவான் (திருமதி) ஹஸ்னா. வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்கு வரவும். அடையாளக் கார்டு, ஓகேயு கார்டு, புது வீட்டு வாடகை ஒப்பந்தம். கடைசியில் ஒரு வரி: உங்கள் நிலைமை எனக்குப் புரியவில்லை.

எனக்கு மட்டும் புரிகிறதா?

ஆகஸ்ட் 7, வியாழன்

மலாயில் பேசிப் பழகினேன். கண்ணாடி முன்னால். "புவான், மன்னிக்கணும், இது ஏமாற்று இல்லை, இது ஒரு மாதம்." இது சரியாக வரவில்லை. "இது எங்கள் மாதத்தின் பிரச்சினை." இது அதைவிட மோசம். யாழினி பின்னால் நின்றுகொண்டு கைதட்டினாள்.

கோபம். அத்தைமேல், பார்வதி அக்காமேல், எல்லாவற்றுக்கும் மேலாக என்மேல். முதல் தேதியே ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். படித்தவள், பயந்தவள், இரண்டும் சேர்ந்தால் எதற்கும் உதவாது.

ராத்திரி முகிலனிடம் கொட்டினேன். ஓர் ஒன்றுமில்லாத மாதத்துக்காக நம் பிள்ளையின் ஆயாவையும் என் வேலையையும் அடகு வைக்கிறார்கள் உங்கள் அம்மா என்று. அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக: "அது ஒண்ணுமில்லாத மாசம் இல்ல, லோகேசு. அம்மாவுக்கு இல்ல."

"ஏன்?"

"நம்ம கல்யாணம் ஆன வருசம். ஆடிக்கு ஒன்ன ஒங்க ஊருக்கு, பத்து காஜாவுக்கு, அனுப்பியிருந்தோம்ல. நான் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தேன். போயிக் கூட்டியாடான்னு மோட்டார் சாவிய எடுத்துக் குடுத்தது யாருன்னு நெனைக்கிற?"

எனக்கு இத்தனை நாள் தெரியாது. அன்று கோப்பெங் சாலையில் நாங்கள் விழுந்தது தெரியும், லோரி தெரியும், ஆஸ்பத்திரியில் கால் போனது தெரியும். சாவி தெரியாது.

அந்த லோரிக்காரன் பஞ்சாங்கம் பார்த்து வரவில்லை. தூங்கிக்கொண்டு வந்தான். கோர்ட்டிலேயே ஒப்புக்கொண்டான். இதை யாராவது அத்தையிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறார்களா? நான் சொன்னதில்லை.

கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி நாளைக்குத் தேவைப்படும்.

பை தயார். கார்டுகள், ஒப்பந்தம், யாழினிக்கு மாற்றுத் துணி, பிஸ்கட். அத்தையும் வருகிறாராம். "நான் சொன்னாத்தான் அந்தம்மாவுக்கு விளங்கும்."

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. அத்தை தலைக்குக் குளித்து, பெரிய பொட்டு வைத்து, கைப்பைக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தோடு கிளம்பினார். முகிலன் அரை நாள் லீவு போட்டு, இரவல் காரை ஓட்டிப்போனார். வழியெல்லாம் மழை. வெல்பேர் ஆபீசில் குளிர் எலும்பைத் தின்றது. முகிலன் காடியை நிறுத்த இடம் தேடிப் போய் எங்கள் நம்பர் வரும்வரை வரவில்லை. முடியும்வரையும் வரவில்லை.

புவான் ஹஸ்னாவுக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடி. மேசையில் அவர் பிள்ளையின் படம். பேசியதெல்லாம் மலாய், நினைவில் நிற்கிறபடி இங்கே தமிழில்.

முதலில் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். படம். விளக்கு, துடைப்பம், டின். நடுவில் சப்பாத்து போட்டுக்கொண்டு என் கால். தனியாக, ரொம்பப் பொறுப்பாக நின்றது. உண்மையில் வீட்டைப் பார்த்துக்கொள்கிற மாதிரிதான் இருந்தது.

"இது உங்களுடையதா?"

"ஆமாம், புவான். பழையது."

"ஏன் அங்கே நிற்கிறது?"

வாயைத் திறந்தேன். கண்ணாடி முன்னால் பழகியது எல்லாம் போய்விட்டது. அத்தை முன்னால் சாய்ந்தார்.

"அவ இன்னும் அங்க குடியிருக்கான்னு அர்த்தம்."

"நேற்று ராத்திரி எங்கே தூங்கினீர்கள்?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஜெலாப்பாங்."

"தூங்குறது குடியிருக்கறது ஆவாது," என்றார் அத்தை. "ஆஸ்பத்திரியிலகூடத்தான் தூங்குறோம்."

"சமையல்?"

"ஜெலாப்பாங், புவான்."

"பால் மட்டும் காச்சல," என்றார் அத்தை.

புவான் எதையோ எழுதினார். தலைகீழாகப் படித்துவிட்டேன். பால், அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நான் அப்போது சொல்லிவிட்டேன். முதல் தேதி வந்தோம், புவான். முதல் தேதியிலிருந்து அங்கேதான் இருக்கிறோம். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், பயத்தில் சொல்லவில்லை. அத்தை மேசைக்கடியில் என் காலை மிதித்தார். பிளாஸ்டிக் காலை மிதித்திருந்தால் மிச்சம். அத்தை எப்போதும் இடது பக்கம்தான் உட்காருவார்.

"சரி," என்றார் புவான். கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தார். ஒப்பந்தத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "இதில் வாடகை தொடங்குவது பதினெட்டாம் தேதி என்று இருக்கிறதே?"

எனக்கு அது புதுச் செய்தி. கையெழுத்துப் போட்டது முகிலன், நான் படிக்கவில்லை. (படித்தவள்!)

அத்தை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நாந்தான் டவுக்கேகிட்ட சொல்லி ஆவணித் தேதியாப் போடச் சொன்னேன். கேட்ட ஒடனே போட்டுக் குடுத்துட்டாரு."

புவான் பேனாவைக் கீழே வைத்தார்.

"பழைய வீட்டில் ஆள் இல்லை. அதற்குப் படம் இருக்கிறது. புது வீட்டில் உங்களுக்கு இன்னும் வாடகையே தொடங்கவில்லை. அதற்கு ஒப்பந்தம் இருக்கிறது. அப்படியானால் இந்த மாதம் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார். யாழினி பிஸ்கட் கேட்டாள்.

முடிவு: இது தெளிவாகும்வரை பைல் ஈப்போவுக்குப் போகாது. அடுத்த உதவி நிறுத்தி வைக்கப்படும். டவுக்கே தேதியைத் திருத்திக் கையெழுத்துப் போடவேண்டும். நான் என் சொந்த வார்த்தையில் ஒரு விளக்கக் கடிதம் எழுதவேண்டும். எப்போதிலிருந்து இருக்கிறோம், ஏன் தேதி மாறியது, அந்தக் கால் ஏன் அங்கே. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்து. அதைப் பார்த்து மேலதிகாரி முடிவு செய்வாராம். உதவி நிற்கலாம், தொடரலாம், புவானால் இப்போது சொல்ல முடியாது.

எழுந்தபோது புவான் சொன்னார்: "நடந்ததை அப்படியே எழுதுங்கள். அழகாக எதையும் சேர்க்காதீர்கள். எனக்கு அந்தக் கால் ஒன்றே போதும்."

சிரித்தாரா என்று தெரியவில்லை. முகக்கவசம் போட்டிருந்தார், சளியாம்.

திரும்பும்போது தாப்பா தாண்டியதும் அத்தை எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார்.

ஆகஸ்ட் 9, சனி

மேகமூட்டம். துணி காயவில்லை.

முகிலன் பீடோர் போய்த் துடைப்பம், அரிசி டின், உப்பு ஜாடி, என் கால் எல்லாவற்றையும் எடுத்து வந்துவிட்டார். சாமி படங்களுக்கும் விளக்குக்கும் மட்டும் அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. மோட்டாரில் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாராம் காலை. கம்பார் பக்கம் பெட்ரோல் நிலையத்தில் ஒருவர் கேட்டாராம்: "மச்சான், மீதி ஆளு எங்க?"

பார்வதி அக்கா போன். "எதுக்குக் கால எடுத்துட்டுப் போறாங்க? நான் நல்லாப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?" உண்மையாகவே வருத்தம். காலுக்கும் சேர்த்துத்தான் ஊதுவத்தி காட்டினாராம்.

டவுக்கே சாயந்தரம் வந்தார். ஒப்பந்தத்தைத் திருத்தணும் என்றதும் அவருக்கு மனமே இல்லை.

"ஒங்க அம்மா பதினெட்டு நல்ல நாளுன்னு சொல்லிச்சு. எனக்கும் எட்டு ரொம்ப ராசி நம்பருலா. அதான் ஒடனே போட்டேன். இப்ப ஒண்ணா? ஒண்ணுல என்னா இருக்கு?"

"ஒண்ணுலதான் நாங்க இருக்கோம், டவுக்கே," என்றார் முகிலன்.

திருத்திக் கையெழுத்துப் போட்டார். அத்தை அவருக்குக் கோப்பி கொடுத்தார், டின் பால் ஊற்றி. இரண்டு பேரும் தோற்றுப்போன கூட்டாளிகள்போல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

கடிதம் தொடங்கினேன். கிழித்தேன். மறுபடி தொடங்கினேன். "ஆடி" என்பதை மலாயில் எப்படி விளக்குவது? மழையைச் சொல்வதா, அம்மனைச் சொல்வதா? சாட்சிக் கையெழுத்துக்கு அத்தையைத்தான் கேட்கவேண்டும். வீட்டில் பெரியவர் அவர்தான். கேட்க வாய் வரவில்லை. அவர் போடமாட்டார். போட்டால் ஆடியில் குடி வந்தோம் என்று அவரே எழுதிக் கொடுத்த மாதிரி.

போடாவிட்டால் சக்கரம் மறுபடி சுற்றும். ஆயா, டியூசன், உதவி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் தூறல். ஆயா அக்கா யாழினியைப் பார்க்க வந்தார். யாழினி அவர் மடியில் ஏறி உட்கார்ந்து "அம்மாவுக்கு மூணு காலு" என்றாள். ஒன்று போட்டிருப்பது, ஒன்று மூலையில் நிற்பது, ஒன்று சொந்தம். கணக்கு சரிதான்.

மத்தியானம், முகிலனும் யாழினியும் தூங்கியபின், அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் காகிதத்தோடு போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அத்தே, ஆகஸ்ட் ஒண்ணுன்னு எழுதவா?"

உரித்தார். இன்னொன்றை எடுத்தார். "எழுது."

"சாட்சிக்கு நீங்க கையெழுத்துப் போடணும்."

"ஆடின்னு எழுதியிருக்கா அதுல?"

"மலாய்க் காலண்டர்ல ஆடியே கெடையாது, அத்தே."

யோசித்தார். "அப்பிடியா? வருசம் முழுக்கவா?"

"வருசம் முழுக்க."

"குடுத்து வெச்சவங்க," என்றார்.

அப்புறம் தலையைத் தூக்காமலே: "நான் சொல்லித்தான் செஞ்சதுன்னு எழுது. ஒன் மேல தப்பில்லன்னு எழுது. அந்தத் தேதியும் நாந்தான், காலும் நாந்தான். மொதல்லயும் நாந்தானே..."

சாவியைப் பற்றி எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. நானும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"அது லோரிக்காரன், அத்தே. தூங்கிட்டான். கோர்ட்டுல அவனே சொன்னான்."

"அவன்தான்." ஒரு வெங்காயம். "இருந்தாலும் இந்த வீட்டுலயாச்சும் ஒனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான்."

இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று.

கையைக் கழுவிவிட்டு வந்து, பேனாவை அழுத்திப் பிடித்து, முழுப் பெயரையும் தமிழில் போட்டார். வெறும் காகிதத்தில். இன்னும் நான் எதுவுமே எழுதவில்லை. "நீ மேல எழுதிக்க," என்றார்.

எழுதிவிட்டேன். நாளைக் காலையில் மலாயில் மாற்றி, அத்தை கையெழுத்துக்கு மேலே எழுதி, திருத்திய ஒப்பந்தத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கணும். இப்போதைக்கு இங்கே:

மதிப்பிற்குரிய புவான் ஹஸ்னா,

ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து நானும் என் கணவரும் மகளும் மாமியாரும் ஜெலாப்பாங் வீட்டில்தான் இருக்கிறோம். தூங்குவது, சமைப்பது, துணி காயப்போடுவது எல்லாம் இங்கே. ஒப்பந்தத்தில் வேறு தேதி இருந்ததற்குக் காரணம், என் மாமியார் எங்களுக்கு நல்ல நாள் பார்த்தார். வீட்டுக்காரர் இப்போது திருத்திக் கொடுத்துவிட்டார். முகவரி மாறியதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் சண்டை வரும் என்று பயந்து சொல்லாமல் இருந்தேன்.

படத்தில் இருக்கும் கால் என்னுடையது. அதை அங்கே வைத்தது உங்களை ஏமாற்ற அல்ல. புது வீட்டில் எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று ஒருவர் பயந்தார். உங்களைப் பயமுறுத்தியதற்கு மன்னிக்கவும்.

இந்த மாதம் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கேட்டீர்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இங்கே இருக்கிறோம். கீழ்மாடி. எந்த நாளும் வந்து பார்க்கலாம், முன்கூட்டிச் சொல்லவேண்டியதில்லை. என் மாமியாரே கதவைத் திறப்பார்.

ஆயாவுக்கு நான் ஒரு பதில் சொல்லவேண்டும். உதவி தொடருமா என்று தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.